திரையில் ஒரு வரியும் வராதபோது

எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் லினக்ஸை இயக்கிப் பார்க்க விரும்பும் மாணவர் முதலில் எந்தப் பலகையை வாங்குவது என்றுதான் கேட்கிறார். அதற்கு முன்பு, செயலி எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். சைலிங்க்ஸின் ஸிங்க்-7000 வரிசைச் சில்லுகளில் ஏ.ஆர்.எம். கார்ட்டெக்ஸ்-ஏ9 செயலி சிலிக்கானிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் கோப்பை எஸ்.டி. அட்டையில் எழுதிச் செருகினால் லினக்ஸ் எழுந்துவிடும். அளவீட்டுக் கருவியொன்றைக் கட்டுப்படுத்த மட்டும் லினக்ஸ் தேவைப்படுபவருக்கு அதுவே நேர்வழி. ஆனால் அங்கே லினக்ஸ் குடியிருப்பது எஃப்.பி.ஜி.ஏ.யில் அன்று, அதன் பக்கத்து வீட்டில்.

டிஜிலென்ட் நிறுவனத்தின் ஆர்ட்டி ஏ7 பலகையில் அவ்வாறு ஆயத்தச் செயலி எதுவும் இல்லை. அதன் 35டி வகையில் 20,800 தேடல் அட்டவணைகளும் 225 கிலோபைட் உள் நினைவகமும் உள்ளன; மின்சாரத்தை நிறுத்தினால் சில்லு வெறுமையாகிவிடும். ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றும் வெக்ஸ்ரிஸ்க்வி போன்ற செயலியை அதில் நாமே வார்க்க வேண்டும். லைட்எக்ஸ் என்னும் பைத்தான் கருவித்தொகுப்பு அச்செயலியைச் சுற்றி நினைவகக் கட்டுப்படுத்தி, டைமர், குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி, சீரியல் வாயில் ஆகியவற்றைப் பின்னித் தருகிறது. பல மெகாபைட் அளவுள்ள கெர்னல் உள் நினைவகத்தில் அடங்காது. ஆகவே பலகையிலுள்ள 256 மெகாபைட் டி.டி.ஆர்.3 நினைவகம் முதலில் ஒழுங்காகப் பேச வேண்டும். லைட்எக்ஸின் தொடக்க நிரல் அதனைச் சோதித்துச் சரி என்று அறிவிக்கும் வரியைப் பார்க்காமல் அடுத்த அடி வைப்பது வீண்வேலை.

பலர் இடறி விழும் இடம் இதற்கு அடுத்தது. மேசைக் கணினியில் கெர்னல் தன்னைச் சூழ்ந்துள்ள சாதனங்களைப் பெரும்பாலும் தானே கேட்டறிகிறது, பி.சி.ஐ. பாதையும் ஏ.சி.பி.ஐ. அட்டவணைகளும் அதற்கெனவே இருக்கின்றன. நேற்றிரவு நாம் வார்த்த ஒரு வன்பொருளுக்கு அந்த வசதி ஏது? எந்த முகவரியில் எந்தச் சாதனம், நினைவகம் எங்கே தொடங்குகிறது, எந்தக் குறுக்கீட்டு எண் யாருடையது என்பதையெல்லாம் டிவைஸ் ட்ரீ என்னும் சிறு கோப்பில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அதில் எழுதியிருப்பதைக் கெர்னல் அப்படியே நம்பும். புதிதாக ஒரு சாதனத்தைச் சேர்த்து பிட்ஸ்ட்ரீமை மீண்டும் உருவாக்கினால் மற்றவற்றின் முகவரிகள் இடம்பெயரக்கூடும். பிட்ஸ்ட்ரீம் புதியது, டிவைஸ் ட்ரீ பழையது என்ற நிலையில் கெர்னல் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இதனால்தான் லைட்எக்ஸ் முகவரிகளை ஒரு ஜேசன் கோப்பில் எழுதிவைத்து, அதிலிருந்தே டிவைஸ் ட்ரீயை உருவாக்கித் தருகிறது. அதனைக் கையால் திருத்துபவர்கள் துணிச்சல்காரர்கள்.

அடுத்து வருவது மௌனம். பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. சுட்டி மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். எதையாவது மாற்றி மாற்றி முயல்வதைக் காட்டிலும், பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பது பயன் தரும். தொடக்க நிரல் பேசியதா? அதன்பின் ஓப்பன்எஸ்.பி.ஐ.யின் முகப்புச் செய்தி வந்ததா? வந்திருந்தால் சீரியல் இணைப்பு, அதன் வேகம், செயலி ஆகியவற்றின் மீதான ஐயம் பெரிதும் நீங்குகிறது. எஞ்சுபவை டிவைஸ் ட்ரீயும், கெர்னலுக்குத் தரப்படும் தொடக்க அளவுருக்களும். கன்சோலின் பெயர் அங்கே தவறாக இருந்தால் கெர்னல் நலமாக இயங்கிக்கொண்டிருந்தும் நம் காதுக்கு எட்டாது. எர்லிகான் அளவுருவைச் சேர்த்தால் டிரைவர் எழுவதற்கு முன்பே அது பேசத் தொடங்கும்.

பொறுமையைச் சோதிக்கும் வேறொன்றும் உண்டு. நொடிக்கு 115200 பிட் வேகமுள்ள சீரியல் இணைப்பில் 8 மெகாபைட் கெர்னலை அனுப்ப ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஆகும். ஒருமுறை என்றால் காப்பி குடித்துவிட்டு வரலாம். நாளொன்றுக்குப் பத்துமுறை என்றால் எஸ்.டி. அட்டை வழியை முதலிலேயே அமைத்துக்கொள்வது நல்லது.

சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளும் இதே பலகைக் குடும்பத்தில் இறங்குகின்றன; அவற்றின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. லினக்ஸ் வேண்டுமென்றால் 100டி பலகையும் சி-வகுப்புச் செயலியும் தேவை. ஈ-வகுப்பு சிறு நிகழ்நேர இயங்குதளங்களுக்கானது. தர்க்க வாயிலிலிருந்து ஷெல் வரை ஒரு கணினியை ஒரே மாணவர் முழுதும் வாசித்துவிடக்கூடிய வாய்ப்பு இது. விலைக்கு வாங்கும் எந்தக் கணினியும் இதனைத் தருவதில்லை. ஆனால் நம் துறைகளில் செயல்திட்ட மதிப்பீடு ஷெல் தோன்றும் நொடியோடு முடிந்துவிடுகிறது. ஆயத்தக் கோப்பை ஏற்றியவருக்கும் ஒவ்வோர் அடுக்கையும் கட்டியவருக்கும் தேர்வாளரின் முன் ஒரே ஷெல்தான் தோன்றுகிறது. வழிகாட்டிகள் ஒரு சிறு வேலையைக் கூடுதலாகக் கேட்கலாம்: நான்கு எல்.இ.டி.களை இயக்கும் ஒரு பதிவகத்தைச் செயலியின் பாதையில் சேர்த்து, அதற்கான வரிகளை டிவைஸ் ட்ரீயில் எழுதி, ஐம்பது வரி டிரைவர் ஒன்றால் அவற்றை மினுக்கிக் காட்டச் சொல்லலாம்.