வாசலிலிருந்து தெரியும் மலை

பசறைத் தோட்டங்களில் நமுனுகுல மலையைப் பார்த்தே மழை வருமா என்று சொல்லுவார்கள். மீளக்குடியேறியபோது பனைகளின்றிச் சொந்தக் காணியையே அடையாளம் தெரியாமல் நின்ற சகோதரிகளுக்கு இந்தப் பிணைப்பை விளக்க வேண்டியதில்லை.

பதுளையில் புகையிரதம் ஏறினால் தலவாக்கலைக்கு அருகே சென் கிளேயர் அருவி தெரியும். 80 மீற்றர் உயரம். 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற் மேல் கொத்மலை மின்திட்டத்துக்காக அதன் நீர் சுரங்கத்துக்குத் திருப்பப்பட்டது. பலத்த எதிர்ப்பின் பின், பகலில் பத்தே முக்கால் மணிநேரம் மட்டும் அருவிக்கு ஓரளவு நீர் விடுவதென்று முடிவாயிற்று. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற கணக்கு! அருவிச் சத்தத்தோடு உறங்கியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

காட்சிப் பாதிப்பை அளப்பவர்கள் முதலில் எங்கிருந்து பார்ப்பது, யார் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். வீதியும் உல்லாசப் பயணிகள் நிற்கும் இடமும் எளிதில் அகப்படும். கொழுந்து மலையையும் லயத்து வாசலையும் நாம்தான் சொல்ல வேண்டும். பெரிய திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் வரும். 30 நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதி அனுப்பலாம். "இது என் வாசலிலிருந்து தெரிகிறது" என்ற ஒரு வரியும் கருத்துத்தான்.