ஹுனானில் ஒரு 82 சென்ட் விவசாயி

திருப்பூருக்கு மெஷின் மாட்ட வந்த சீனத்து நண்பர் ஒருத்தர் எனக்கு உண்டு. நம்மூர்ல ஆறு மாசம் இருந்ததுல 'அண்ணா'ன்னு கூப்பிடப் பழகிட்டார். அவர் கூப்பிட்டதுனால போன ஏப்ரல்ல ஹுனான் மாகாணத்துல இருக்கிற அவரோட சொந்த கிராமத்துக்குப் போய் நாலு நாள் தங்கினேன்.

வீடு மூணு மாடி. நண்பர் ஷென்ஜென்ல சம்பாதிச்ச காசுல கட்டினது. ஆனா கீழ்த்தளத்துல மட்டும்தான் விளக்கு எரியுது. அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போற பேத்தி, அவ்வளவுதான் குடும்பம். மேல ரெண்டு மாடியும் சீனப் புத்தாண்டுக்குத் திறந்தா உண்டு. தெருவுல பாதி வீடு இப்படித்தாங்க இருக்கு.

ரெண்டு விவசாயிங்க சந்திச்சா முதல் கேள்வி என்னவா இருக்கும்? "எத்தனை ஏக்கர்?" நண்பர் மொழிபெயர்த்தார். அவங்களுக்கு அஞ்சு மூ. ஒரு மூங்கிறது நம்ம கணக்குல பதினாறரை சென்ட். ஆக மொத்தம் 82 சென்ட் சொச்சம். அதுவும் சொந்தம் கிடையாது. நிலம் ஊர்க் கூட்டமைப்போடது, குடும்பத்துக்கு உழுது சாப்பிடற உரிமை மட்டும்தான். 1978-ல அன்ஹுய் மாகாணத்து சியாவ்காங் கிராமத்துல 18 விவசாயிங்க ரகசியமா கைநாட்டு வெச்சு, கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாப் பிரிச்சுக்கிட்டாங்க. அப்புறம் அந்த முறையே நாடு முழுக்க வந்துச்சு. குத்தகைக்கு விடலாம், விற்க முடியாது.

"வரிக்குன்னு நெல்லை அளந்து குடுத்துட்டு மிச்சத்தைத்தான் தின்னோம்"னார் அப்பா. 2006-ல விவசாய வரியையே அரசு எடுத்துடுச்சு. அதைச் சொல்லும்போது பெரியவர் முகத்துல ஒரு சிரிப்பு.

அந்தப் பக்கம் முன்னெல்லாம் ரெண்டு போகம். ஜூலை வெயில்ல முதல் போகத்தை அறுத்து, சில நாள்லயே சேறடிச்சு அடுத்த நடவையும் முடிச்சாகணும். அந்த நாட்கள்ல வீட்டுல ஒருத்தரும் உட்காரவே முடியாதாம். இப்ப ஒரு போகம்தான் போடறார். தண்ணி இருக்கு, வீரிய ஒட்டு விதை இருக்கு. யுவான் லோங்பிங் அந்த நெல் ஆராய்ச்சியை நடத்தினதே இந்த ஹுனான்லதான். ஆனா இறங்கி நட ஆள் இல்லை. பெரியவருக்கு வயசு 68.

கடைசி நாள் சாயங்காலம் வரப்புல நின்னுக்கிட்டு இருந்தோம். "உங்க பையன் விவசாயம் பாக்கறானா?"ன்னு கேட்டார். "சென்னையில ஐடி வேலை"ன்னேன். நண்பர் அதை மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நின்னார். அவரும் ஊரை விட்டுப் போன பையன்தானே.

எனக்கு அங்க ஒண்ணு உறைச்சுது. நம்மூர்ல பையன் வரலைன்னா காடு சைட்டாப் போயிடும், கல்லு நட்டு வித்துடுவோம். அங்க விற்க வழியில்லாததால மண்ணு அப்படியே இருக்கு. நாளைக்கு ஷென்ஜென்ல வேலை போனாலும் நண்பருக்குத் திரும்பி வர அஞ்சு மூ உண்டு. ஆனா சட்டம் நிலத்தைத்தான் காப்பாத்தும், அதுல இறங்கறதுக்கு ஒரு ஆளைக் குடுக்காது.

"இன்னும் எத்தனை வருஷம் பாப்பீங்க?"ன்னு கேட்டேன். "புல்லு மண்டிட்டா இவன் திரும்பி வரும்போது வரப்பு எதுன்னு தெரியாதே"ன்னார்.

கிளம்பும்போது அம்மா கார் டிக்கியில ரெண்டு மூட்டை அரிசி ஏத்தினாங்க. நண்பர் ஷென்ஜென்ல அரிசியைக் கடையில வாங்கினதே இல்லையாம்.