படத்தில் தெரியும் அடுப்படி

மிக்ஸி வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல், நம் வீட்டு உளுந்துக்கு ஈடு கொடுக்குமா என்று விசாரிக்கிறோம். கம்ப்யூட்டர் சாப்ட்வேர் வாங்குவதும் அப்படித்தான் என்பதை என் மகளோடு உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

கட்டப்போகும் வீட்டை, கட்டி முடித்துப் போட்டோ எடுத்த மாதிரி காட்டுகிறார்களே, அதற்கு 'ரெண்டரிங்' என்று பெயர். மகள் பாலிடெக்னிக்கில் ஆர்க்கிடெக்சர் டிப்ளமோ முடித்தவள். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தபடியே இந்தப் படங்களைச் செய்து கொடுக்கலாமே என்று ஆசை.

"அம்மா, சீட்டு எடுத்துப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிடட்டுமா?" என்றாள்.

"இருடி, இருக்கிற லேப்டாப்புல எது ஓடும்னு முதல்ல சொல்லு" என்றேன்.

பிளஸ் டூ வரை படித்த எனக்குப் புரியும்படி விளக்கினாள். இதில் இரண்டு ரகம் உண்டாம். ஒன்று, ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் தரையில் பட்டு, சுவரில் பட்டுத் திரும்புவதையெல்லாம் கணக்குப் போட்டுப் படம் தருவது. வி-ரே அந்த ரகம். நேரம் பிடிக்கும், ஆனால் நிழல் இயற்கையாக விழும். இன்னொன்று, வீடியோ விளையாட்டுப் போல உடனுக்குடன் காட்டுவது. லூமியன், என்ஸ்கேப், டுவின்மோஷன் எல்லாம் இந்த ரகம். கற்றுக்கொள்வது சுலபம், ஆனால் லேப்டாப்பில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தாக வேண்டும். வி-ரே, என்ஸ்கேப் போன்றவற்றுக்குச் சந்தா வேறு கட்ட வேண்டும். வருமானம் வருமுன்பே செலவு!

பிளெண்டருக்குக் காசு இல்லை. தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதை நடத்திய கம்பெனி மூடப்பட்டபோது, 2002-ல் அதைப் பயன்படுத்துகிறவர்களே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி எல்லோருக்கும் பொதுவாக்கினார்களாம். சிறு துளி பெருவெள்ளம் என்பது இதுதான். அதற்குள் இரண்டு ரகமும் இருக்கின்றன: மெதுவாக, நுணுக்கமாகச் செய்வதற்கு சைக்கிள்ஸ், சட்டென்று பார்ப்பதற்கு ஈவீ. கார்டு சுமாராக இருந்தாலும் சைக்கிள்ஸ் ஓடும், நேரம்தான் அதிகம். பழகுவதற்குத்தான் பொறுமை வேண்டும். அதுதான் அம்மாக்களிடம் நிறைய இருக்கிறதே!

சோதித்துப் பார்க்க எங்கள் அடுப்படியையே வரையச் சொன்னேன். எங்கள் ஊர் எது, ஜன்னல் எந்தத் திசை, என்ன தேதி, எத்தனை மணி என்று கொடுத்தால் சூரியனை அந்த இடத்திலேயே நிறுத்துகிறது! மாலை நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் மேடையில் விழுந்ததும், பரணுக்குக் கீழே தொட்டிப் பக்கம் இருட்டாக இருந்ததும் அப்படியே வந்தது. அங்கே ஒரு பொய் விளக்கை வைத்துப் பார்த்தாள். அரண்மனை போல ஜொலித்தது.

"இதுதான் அழகா இருக்கு" என்றாள்.

"பாத்திரம் தேய்க்கிறவ நான். அந்த விளக்கு நெஜத்துல எங்கடி இருக்கு?" என்றேன்.

அன்றே முடிவு செய்துவிட்டோம்: பிளெண்டர், உள்ள லேப்டாப், உள்ளபடி வெளிச்சம். குழந்தை தூங்கும்போது வேலை செய்வாள். ராத்திரி கம்ப்யூட்டரை ஓடவிட்டால் காலையில் காபி போடும் நேரத்துக்குப் படம் தயார். சீட்டுப் பணம் பத்திரமாக இருக்கிறது.

அவளுக்கு முதல் வேலை கொடுத்தவர், கடன் வாங்கி வீடு கட்டும் ஓர் ஆசிரியை. படத்தில் தொட்டிப் பக்கம் இருண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சுவர் எழும்புமுன்பே அங்கே ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லிவிட்டார். பூசி முடித்தபின் சுவரை இடிப்பதென்றால் எவ்வளவு செலவு!

சகோதரிகளே, வீடோ ஃபிளாட்டோ வாங்கும்போது உங்களுக்கும் இப்படிப் படம் காட்டுவார்கள். இது எத்தனை மணி வெளிச்சம், ஜன்னல் எந்தத் திசை, இதில் தெரியும் விளக்கெல்லாம் உண்டா என்று கேளுங்கள். நம் ஊர்ப்பக்கம் மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்து வரும்; ஆனி மாத உச்சியில் சற்று வடக்கே நிற்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கும் படம் கேளுங்கள். பகல் முழுவதும் அந்த அடுப்படியில் நிற்கப்போவது நாம்தானே!