முன் பிரேக்

1998ஆம் ஆண்டு, அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த ஒரு களத்துமேட்டில் என் தாய்மாமா எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பாடம் மொத்தம் அரைமணி நேரம். கிளட்ச், கியர், ஆக்சிலரேட்டர் என்று வரிசையாகச் சொல்லிவந்தவர் முன் பிரேக்குக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "மாப்ளே, இதை மட்டும் தொட்டுடாதே. ஆளைத் தூக்கிப் போட்டுடும். கால்ல இருக்கறதுதான் பிரேக்கு." அடுத்த பத்தொன்பது ஆண்டுகள் அந்த உபதேசத்தை நான் மந்திரம்போல் காப்பாற்றினேன்.

2017 ஐப்பசியில், தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் அந்திப்பொழுதில், கும்பகோணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் என் மனைவி. எதிரே வந்த டிராக்டர் கைகாட்டாமல் வலப்புறம் இருந்த வயல்பாதைக்குத் திரும்பி என் வழியை அடைத்தது. என் வலக்கால் தன் முழுப் பலத்தோடு இறங்கியது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. வண்டி ஒருக்களித்துச் சாய்ந்து எங்கள் இருவரையும் தாரில் இழுத்துக்கொண்டு போய், டிராக்டரின் பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. எனக்கு முழங்கால் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அன்றைக்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறவில்லை. கோபமில்லை, குற்றச்சாட்டும் இல்லை. "நான் பஸ்ல வந்துடறேன், நீங்க போங்க" என்பாள், அவ்வளவுதான்.

தேரோட்டுவதைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். துணையோடு தேனுண்ணும் வண்டுகள் வெருளுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிற அகநானூற்றுத் தலைவனை (நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது) எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன்! ஆயினும் வண்டியோட்டுதல் என்பது கற்க வேண்டிய ஒன்று, அதற்கும் நூல்கள் உண்டு என்பது எனக்கு உறைக்க ஒரு மணிக்கட்டு முறிய வேண்டியிருந்தது.

முதலில் கையில் கிடைத்தது ஓர் ஆய்வறிக்கையைப் பற்றிய குறிப்பு. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையில், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை அது. படிக்கப் படிக்க யாரோ என் கதையை எழுதிவைத்திருப்பதுபோல் இருந்தது. வேறொரு வாகனத்தோடு நேர்ந்த விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மற்ற ஓட்டுநர் வழிவிடாததால் நேர்ந்தவை. தப்பிப்பதற்கு ஓட்டுபவருக்குக் கிடைத்த அவகாசம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த இரண்டு விநாடியில் அவர்கள் செய்ததோ பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து வழுக்கியதும், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமல் விட்டதும். விபத்துக்குள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி இல்லாதவர்கள். தாமாகவோ உறவினர், நண்பர் வழியாகவோ கற்றவர்கள். லாஸ் ஏஞ்சலிஸிலும் தாய்மாமாக்கள் இருந்திருக்கிறார்கள்.

காரணம் எளிய பௌதிகம்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரம் தரையை இறுகப் பற்றுகிறது; பின்சக்கரம் இலேசாகி, மிதித்தவுடன் வழுக்குகிறது. நிறுத்தும் வல்லமையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. ஆனால் அதை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. பாரம் முன்னே வந்து சேரச் சேர, ஈரத்துணியைப் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மாமாவை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஓட்டிப் பழகியது கப்பிச்சாலையிலும் மண்சாலையிலும். அங்கே முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் தூக்கித்தான் போடும். அந்தச் சாலைக்குரிய எச்சரிக்கையை நான் தார்ச்சாலைக்கும் சாசனமாக்கிக்கொண்டது என் பிழை.

நூல்களில் ஒன்றே ஒன்று வாங்குவதானால், டேவிட் ஹஃப் எழுதிய 'ப்ரொஃபிஷியன்ட் மோட்டார்சைக்ளிங்' நூலையே சொல்வேன். 2000இல் வந்த நூல். 2008இல் இரண்டாம் பதிப்பு. பத்திரிகைப் பத்தியாளருக்கே உரிய நிதானமான, கொஞ்சம் குறும்பான உரைநடை. மழை, சரளை, விலங்குகள், இருட்டு என்று சாலையை அதன் அழுக்கோடு பார்க்கிறவர். துரத்துகிற நாயைச் சமாளிக்க அவர் சொல்லும் உபாயம் நம் தெருக்களுக்கென்றே எழுதியது போலிருக்கிறது. நாய் நம் வேகத்தைக் கணித்து எந்த இடத்தில் மறிக்கலாம் என்று ஓடி வருகிறது. ஆகவே நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, பிறகு சட்டென்று கூட்டினால் அதன் கணக்குப் பிசகிவிடும். எங்கள் கல்லூரி வாசலில் சோதித்துப் பார்த்தேன். பிசகியது.

ஓர் எச்சரிக்கை. அமெரிக்க நூல்கள் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானவை. அவர்கள் அஞ்சுகிற 'எதிரே வந்து இடப்புறம் திரும்பும் கார்' நமக்கு வலப்புறம் திரும்பும் டிராக்டர். கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் படிக்க வேண்டும். இந்தத் தொல்லை இல்லாதது பிரிட்டிஷ் காவல்துறையினரின் கையேடான 'மோட்டார்சைக்கிள் ரோட்கிராஃப்ட்'. நடை வறண்டது, சட்டப் புத்தகம் போல. ஆனால் வளைவை எப்படிப் பார்ப்பது என்று அது சொல்வதை நான் மறக்கவே மாட்டேன். சாலையின் இரு ஓரங்களும் கண்ணுக்குச் சேர்வதுபோல் தெரிகிற புள்ளியைக் கவனி; அது உன்னை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறை; விலகிச் சென்றால் சாலை திறக்கிறது.

கீத் கோட் இன்னொரு வகை. 'எ ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட்' 1983இலும் அதன் இரண்டாம் பாகம் 1993இலும் வந்தன. பந்தயத்தடத்துக்காக எழுதப்பட்டவை, மாட்டுவண்டி குறுக்கிடும் சாலையில் அந்த வேகங்களுக்கு வேலையில்லை. ஆனாலும் முதல் நூலில் வரும் ஓர் உவமை எவருக்கும் பயன்படும். கவனம் என்பது பையில் உள்ள பத்து டாலர். புதிதாக ஓட்டுபவன் கிளட்ச், கியருக்கே பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறான், சாலைக்கென்று சில்லறைதான் மிஞ்சுகிறது. இரண்டாம் பாகமோ அச்சம் உடலை எப்படி ஏமாற்றுகிறது என்பதைப் பேசுகிறது. பயந்தவுடன் கை இறுகுகிறது, பார்வை குறுகுகிறது, எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அதையே வெறித்து அதை நோக்கியே போகிறோம். டிராக்டரின் பெட்டியில் எழுதியிருந்த ஊர்ப்பெயர் இன்றும் எனக்கு எழுத்தெழுத்தாக நினைவிருப்பது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

இதே நூலை 2009இல் படமாகவும் எடுத்திருக்கிறார்கள். நடிப்பு சிரிப்பூட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி எப்படித் திரும்புகிறது என்பது கண்ணால் காண வேண்டிய விஷயம். இடப்புறம் போக இடக்கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும் என்று எழுத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாம் எல்லோரும் அறியாமலே அதைத்தான் செய்கிறோம். சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், இடப்புறம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டிகளைக் கேட்டுப் பார்த்து, ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று கண்டாராம். கீத் கோட் ஒரு வண்டியின் சட்டத்தோடு அசையாத இரண்டாவது கைப்பிடி ஒன்றைப் பொருத்தி, உடம்பைச் சாய்ப்பதால் மட்டும் வண்டி உருப்படியாகத் திரும்பாது என்று ஓட்டிக் காட்டுகிறார்.

இந்தப் படங்களையெல்லாம் என்னோடு உட்கார்ந்து பார்த்தவள் என் மகள். அவளுக்குப் பதினெட்டு முடிந்தவுடன் கியர் வண்டிதான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். மனைவி ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். லைசென்ஸுக்கு எட்டுப் போட வேண்டுமே என்று ஜெர்ரி பல்லாடினோவின் 'ரைட் லைக் எ ப்ரோ' காணொளிகளைத் தேடினோம். முன்னாள் காவலர், பெரிய வண்டிகளைச் சின்ன வட்டத்துக்குள் மெதுவாகத் திருப்புவதில் வித்தகர். கிளட்சை அரைகுறையாகப் பிடித்திருக்க வேண்டும், பின் பிரேக்கை மெல்ல அழுத்தியிருக்க வேண்டும், தலையும் கண்ணும் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்: மூன்றே விஷயம். (மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்தான் நண்பன், ஆக, மாமாவின் காலுக்கும் ஓர் இடமுண்டு.) அவர் கிளட்சைப் பற்றிச் சொல்லும் 'ஃப்ரிக்ஷன் சோன்' என்பதை நான் 'உராய்வெல்லை' என்று மொழிபெயர்த்தேன். "கிளட்ச் பிடிக்கற இடம்னு சொன்னா போதும்பா" என்றாள் மகள். அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

காணொளிகளுக்கு ஒரு கெடுதல் உண்டு. இரவு பத்து மணிக்குப் பார்த்து முடிக்கையில் எல்லாம் வந்துவிட்டதுபோல் இருக்கும். காலையில் கை அசையாது. நான் முன் பிரேக்கை நம்பப் பழக மூன்று வாரங்கள் ஆயின, அதுவும் நாள்தோறும் ஆளற்ற மைதானத்தில், இருபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து தொடங்கி. பத்தொன்பது வருடப் பழக்கத்தை விரல்கள் அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை. மகளுக்கு மறப்பதற்கு ஒன்றுமில்லாததால் நான்கே நாளில் வந்துவிட்டது. (2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். எங்கள் பழைய நூறு சிசி வண்டியில் அதெல்லாம் கிடையாது.)

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பழகிக்கொண்டிருந்தோம். ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்த மனைவி திரும்பிப் போகாமல் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாள். வேறுபாடு தெரியட்டுமே என்று மகளைப் பின் பிரேக்கை மட்டும் பிடித்து ஒருமுறை நிறுத்தச் சொன்னேன். கோட்டிலிருந்து வண்டிவரை மனைவியே அடிவைத்து எண்ணினாள். பதினான்கு. அடுத்தமுறை இரண்டையும் பிடித்தாள் மகள். மனைவி மறுபடி எண்ணினாள். எட்டு.

அங்கேயே நின்று இரண்டு இடத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "அன்னிக்கு டிராக்டருக்கும் நமக்கும் எத்தனை அடி இருந்திருக்கும்?" என்று கேட்டாள்.

நான் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.