உளைவுக்கு ஒரு சொல்

நோர்வேயின் வட கோடியில், ஃபின்மார்க் பகுதியின் மீன்பிடிக் கிராமமொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த நண்பன் அண்மையில் யாழ்ப்பாணம் வந்திருந்தான். எண்பதுகளின் பிற்பகுதியில், நம்மவர் பலரையும் போல, மக்கள் உயர்பள்ளியொன்றில் படிக்கவென்று போய் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தவன். குளிர்காலத்தில் இரண்டு மாதமளவு சூரியன் எழாத ஊர் அது.

பேச்சினிடையே மனைவியின் நோய் பற்றிச் சொன்னான். இரவெல்லாம் கைகால் உளைவு. கிராமத்து மருத்துவரிடம் போனார்கள். மொழிபெயர்த்தவன் எட்டு வயது மகன். 'உளைவு' என்பதற்கு அவனிடம் நோர்வேஜியச் சொல் இல்லை. "நோகுதாம்" என்றளவில் நிறுத்திக்கொண்டான். இரத்தம் சோதித்தார்கள், நோய் எதுவுமில்லை. மூன்றாவது தடவை மருத்துவர் சலித்துக்கொண்டாராம். ஊரில் தாய் இறந்தபோது செத்தவீட்டுக்கு வர முடியாமற்போனதை அந்தப் பெண் தன் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்லுவார்?

பிறகு கொம்யூன் (நம்மூர்ப் பிரதேச சபை போன்றது) வளர்ந்த ஒருவரையே உரைபெயர்ப்புக்கு ஒழுங்கு செய்தது. வந்தவர், தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் மீன் வெட்டுகிறவர்! "அவவுக்கு முன்னால நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று இவர் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒஸ்லோவிலிருந்து, முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் உரைபெயர்த்த நாளில்தான் பேசினார், முக்கால் மணி நேரம்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. மானிடவியலாளர் ஆன் சிக்ஃபிரிட் கிரொன்செத் இத்தகைய வடபுலக் கிராமமொன்றின் தமிழ் அகதிகளை ஆராய்ந்து 2010இல் நூலாக்கினார். மருத்துவருக்குப் பிடிபடாத அந்த வலிகளை, உறவும் ஊரும் இழந்த வாழ்வோடு சேர்த்தே அவர் வாசிக்கிறார்.

2022 ஜனவரி முதல் நோர்வேயில் உரைபெயர்ப்புக்கென்றே ஒரு சட்டம் நடைமுறையிலுள்ளது. தேவையான இடத்தில் பொது நிறுவனங்கள் தகுதியுள்ள உரைபெயர்ப்பாளரைப் பயன்படுத்த வேண்டும்; அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளைப் பயன்படுத்தலாகாது. நல்ல சட்டந்தான். ஆனால் மருத்துவர்கள் நிலைத்து நில்லாத சிறு கிராமங்களில், இன்று சிரியரும் உக்ரேனியரும் குடியேறும் அதே கிராமங்களில், பக்கத்து மேசைக்காரரை அழைப்பதுதான் எவருக்கும் எளிது. தகுதிச் சான்றிதழ் அவரிடம் இருந்தாலும் அவர் பக்கத்து மேசைக்காரர்தானே.

நண்பனின் குடும்பம் இப்போது ஒஸ்லோவில். மருத்துவரும் தமிழர். உளைவு குறையவில்லையாம்; ஆனால் மாதமொருமுறை போய்ச் சொல்லிவிட்டு வருகிறாராம்.