பத்தயத்து மூலை

ஆவணி 9

பக்கத்து வீட்டுக்காரர்கள் துபாய்க்குப் புறப்பட்டுவிட்டார்கள். அவர்களுடைய பெண் தன் முயலை என் மடியில் வைத்துவிட்டு, "அத்தை, இவன் கூண்டுக்குள்ள ஒரு மூலையில மட்டும்தான் போவான். வீட்டை அசிங்கப்படுத்தமாட்டான்" என்றாள். பெயர் கொச்சு. சாம்பல் நிறம், காது நுனி கறுப்பு, வயது ஐந்து மாதம் இருக்கும். சென்னை வீட்டைக் காலி செய்து நான் கொண்டுவந்த பெட்டிகள் தார்சாவில் கட்டுப் பிரிக்காமல் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே கூண்டையும் வைத்தேன். அண்ணன் குனிந்து பார்த்து, "கறிக்கா?" என்று கேட்டான். அவன் மனைவி, என் மைனி, ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணி 10

கூண்டைத் திறந்துவிட்டேன். நாள் முழுக்க ஒரே சாட்டம்.

ஆவணி 13

காலையில் மைனி வாரியலோடு வந்து நின்றாள். "ஏ பிள்ளே, ஒனக்க முயலு எங்க கட்டிலுக்க அடியில ஒண்ணுக்கு அடிச்சு வச்சிருக்கு." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கட்டிலடி மட்டும் இல்லை. என் பாயில், அடுக்களை வாசலில், மச்சுப்படிக்குக் கீழே, எல்லா இடத்திலும். புழுக்கை காய்ந்த உருண்டை, வாரினால் போய்விடும். மூத்திரம் அப்படியில்லை. சிவப்பு ஆக்சைடு தரையில் சுண்ணாம்புக் கரைசல் ஊற்றினாற்போல வெள்ளையாகக் காய்ந்து பிடித்துக்கொள்கிறது. நாற்றம் மூக்கில் குத்துகிறது.

புறவாசலில் வைக்கோல் பரப்பி ஒரு கடவப்பெட்டி வைத்தேன். வீட்டில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் அதுதான். கொச்சு உள்ளே ஏறி உட்கார்ந்து, பெட்டியின் விளிம்பைக் கடித்துத் தின்னத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் ஒரு பக்கமே காணோம். ஒண்ணுக்குப் போனது என்னவோ என் பாயில்தான்.

மூக்கில் ஒரு தட்டுத் தட்டினால் படிந்துவிடும் என்கிறான் அண்ணன். தொடவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆவணி 14

முயல் வளர்ப்புப் பற்றித் தமிழில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாம் பண்ணைக்காரர்களுக்காக எழுதியவை. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா என்று கறி முயல்களை வளர்க்கிறது. கொச்சுவின் நிறத்தைப் பார்த்தால் அந்தச் சின்சில்லா வழியாக இருக்கலாம். சினைக்காலம் 31 நாள், ஈற்றுக்கு இத்தனை குட்டி, இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ என்று கணக்குகள் துல்லியமாக இருக்கின்றன. முயல் எங்கே ஒண்ணுக்குப் போகும் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. கம்பிவலைத் தரையில் நிற்கிற முயலுக்கு அந்தக் கேள்வியே கிடையாது, எல்லாம் கீழே விழுந்துவிடும். அந்தக் கம்பி குதிகாலைப் புண்ணாக்கும் என்பதை நானாகத்தான் யோசித்துக்கொண்டேன். பூனைக்கும் நாய்க்கும் இருப்பதுபோல முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது. தோலும் ரோமமும் மட்டும்தான்.

வீட்டுக்குள் மனிதரோடு நடமாடும் முயலைப் பற்றி இந்த மொழியில் யாராவது எழுதவேண்டும்.

ஆவணி 17

மரத்தூள் போட்டுப் பார்த்தேன். குலசேகரம் பக்கத்து ரப்பர் மரம் அறுத்த தூள், மாவுபோல் இருந்தது. கொச்சு தும்மத் தொடங்கியதும் அள்ளிக் கொட்டிவிட்டேன். முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. அடுத்து தேங்காய்க் கதம்பைத் தூள். ஈரத்தை நன்றாக இழுத்துக்கொண்டது. ஆனால் பாதத்தில் ஒட்டி, அடுக்களை வரைக்கும் தவிட்டு நிறத் தடம். மைனி அதைப் பார்த்துக்கொண்டே தேங்காய் துருவினாள்.

திருவோணம்

மூத்திரம் சிவப்பாக இருக்கிறது. இரண்டு வீட்டிலிருந்து பாயசம் வந்தது. தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள்

கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண். கொச்சுவைத் துணியில் சுற்றி அடக்கிப் பிடித்த விதத்திலேயே எனக்குப் பாதி பயம் போயிற்று. முதலில் சொன்னது, "இது பொண்ணு." ஆண் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதை நம்பி வளர்த்திருக்கிறாள்.

மூத்திரத்தில் ரத்தம் இல்லை. சோதனைத் தாளில் தொட்டுக் காட்டினார். முயலின் மூத்திரம் மஞ்சளாகவும் வரும், ஆரஞ்சாகவும் வரும், செங்கல் நிறத்திலும் வரும். தின்னும் இலைகளின் நிறமியால் இப்படி மாறுமாம். வெள்ளையாகப் படிவதற்கும் காரணம் உண்டு. நம் குடல் வேண்டிய அளவு சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. முயலின் குடல் கிடைத்ததில் பெரும்பகுதியை உள்ளே இழுத்து, மிஞ்சியதைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றுகிறது. "என்ன இலை கொடுக்கிறீங்க?" என்றார். அகத்தி, முருங்கை என்றேன். அகத்தியில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து. நல்லது என்று நினைத்து நாள்தோறும் கட்டுக் கட்டாகக் கொடுத்திருக்கிறோம். இனி முக்கியச் சாப்பாடு புல்தான், அருகம்புல்லும் உலர்ந்த புல்லும். அகத்தி எப்போதாவது ஒரு கொத்து.

கட்டிலடியில் திராட்சைக் கொத்துப்போல் ஒட்டிக் கிடந்த கறுத்த பிசுபிசுப்பைப் படம் எடுத்துப் போயிருந்தேன். அது கழிச்சல் இல்லையாம். முயல் இருவிதமாகக் கழிக்கும். காய்ந்த உருண்டை ஒன்று, இந்த மெத்தென்ற கொத்து மற்றொன்று. கொத்தைப் பெரும்பாலும் விடியற்காலையில் தானே வாய் வைத்து எடுத்துத் தின்றுவிடும். பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. தின்னாமல் போடுகிறது என்றால் இனிப்பு அதிகமாக உள்ளே போகிறது. "யாராவது பழம் கொடுக்கிறாங்களா?"

வீட்டுக்கு வந்து கேட்டேன். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு, "மட்டிப்பழந்தானே, ஒண்ணு ரெண்டு" என்றான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் மட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கு வைக்கிற பழம், கொச்சுவின் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கறிக்கா என்று கேட்டவன்.

இன்னும் ஒன்றை டாக்டர் சொன்னார். பிள்ளைப் பிராயத்தில் மூலையில் ஒழுங்காகப் போன முயல்கூட, பருவம் வந்ததும் கண்ட இடத்தில் போகும். அழுக்குப் புத்தி இல்லை. புது வீட்டில் எது தனக்குரிய இடம் என்று தெரியாதபோது எல்லா இடத்திலும் தன் வாசத்தை வைத்துப் பார்க்கிறது. உங்கள் வாசம் அதிகம் இருக்கிற பாயைத் தேடி வருவதும் அதனால்தான். சூலகத்தையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும், பின்னாளில் கர்ப்பப்பையில் புற்று வரும் அபாயமும் இருக்காது. முயலுக்கு மயக்கம் கொடுப்பது நுட்பமான வேலை, தான் செய்வதில்லை, திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

புரட்டாசி 2

மறுபடி என் பாய். மறுபடி அழுகை வந்தது. முயலுக்காக அழவில்லை.

நங்கை புறப்பட்ட நாள்

நவராத்திரிக்காக சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மன் பல்லக்கில் பத்மநாபபுரத்துக்குப் புறப்பட்டாள். அங்கிருந்து வேளிமலை முருகனோடும் சரஸ்வதியோடும் சேர்ந்து திருவனந்தபுரம் போவாள். சின்ன வயசில் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுசீந்திரம் தெருவில் நின்ற ஓர்மை இருக்கிறது. சென்னையில் இருந்த வருஷங்களில் இந்த நாளை நினைத்துக்கொள்வேன், வந்ததில்லை. இன்று மைனியோடு போய் நின்று கும்பிட்டேன்.

திரும்பி வந்தால் கொச்சுவைக் காணோம். மேளச் சத்தத்தில் அரண்டிருக்கிறது. பின்னங்காலால் தரையை ஓங்கி அடிக்கிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. காட்டில் மற்ற முயல்களுக்கு ஆபத்து என்று சொல்லும் வழி அது. இந்த வீட்டில் கேட்க வேறு முயல் இல்லை. நானும் மைனியும் டார்ச் அடித்துத் தேடினோம். நெல் பத்தயத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒடுங்கிக் கிடந்தது.

புரட்டாசி 24

கட்டிலடியில் நாற்றம் அதிகமாயிற்று என்று பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தேன். ராத்திரியே அதே இடத்தில் இரண்டு மடங்காகப் போயிற்று. தன் வாசம் அழிந்துவிட்டதென்று மறுபடி வைத்திருக்கும்.

இன்று நடந்ததை விவரமாக எழுதிவைக்க வேண்டும்.

மைனி நாலு மணிக்கே முற்றம் தெளிக்க எழுந்துவிடுவாள். சில நாளாகவே கொச்சுவைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. இன்று காலை காப்பியைக் கையில் தந்து, "வா, ஒண்ணு காட்டுகேன்" என்று பத்தயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பிலாப்பலகைப் பத்தயம். வயலைக் குத்தகைக்கு விட்ட பிறகு காலியாகத்தான் கிடக்கிறது. பின்மூலையில் புழுக்கை ஒரே குவியலாக இருந்தது. வீடெல்லாம் சிதறிக் கிடந்ததுபோல இல்லை, சேர்த்துவைத்த குவியல்.

"அதுக்க எடம் இது. பாத்தியா? நீ கொண்டு வைக்கிய எடத்துல அது எதுக்குப் போவணும்? அது போவிய எடத்துல சட்டியக் கொண்டு வை."

வயல் வரப்பில் ஓடுகிற நம் காட்டு முயலுக்கு இப்படி ஒரே இடத்தில் போகிற வழக்கம் இல்லை. அது வளை தோண்டாது, புல்லில் பதுங்கிக் கிடக்கும், குட்டிகூடக் கண் திறந்துதான் பிறக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்க்கவும் கூடாது. கொச்சுவின் முன்னோர் வேறு இனம், ஸ்பெயின், போர்ச்சுகல் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. வளைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் போய்க் குவித்து, இது எங்கள் எல்லை என்று சொல்பவை. மூத்திரச் சட்டிக்குப் பழக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அந்தக் குணம்தான். புறவாசலில் அதற்கு எந்த எல்லையும் இல்லை. ஆள் நடமாட்டம், நாய் வாசம், திறந்த வெளி. சுவரும் பலகையும் இரண்டு பக்கம் காவல் நிற்கிற இந்த மூலை அதற்கு வளையாகியிருக்கிறது.

கொத்தன் விட்டுப்போன பழைய சாந்துச்சட்டி, விளிம்பு தாழ்வானது, மூலைக்குப் பொருந்தியது. அடியில் செய்தித்தாள், மேலே கன்னிப்பூ அறுப்பில் வந்த புது வைக்கோல். குவியலில் கொஞ்சத்தை எடுத்து மைனியே உள்ளே போட்டாள். அடுத்து அவள் சொன்னது நான் படித்த எதிலும் கண்ணில் பட்டதில்லை. "தின்னுக்கிட்டேதான் போவுது, கேட்டியா? புல்லையும் அங்கேயே கெட்டு." சட்டிக்குள் நின்றபடி எட்டும் உயரத்தில் அருகம்புல்லைக் கட்டினோம். கொச்சு ஏறி உட்கார்ந்து, புல்லை இழுத்து மென்றுகொண்டே தன் காரியத்தை முடித்தது. மைனி சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுகாலம்.

தரையில் பிடித்த வெள்ளையைக் குழம்புக்குக் கரைத்து மிஞ்சிய வாளம்புளிச் சக்கையால் தேய்த்தாள், கரைந்து வந்தது. புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும்.

புரட்டாசி 27

கொச்சு கடிக்க அட்டை வேண்டும். தார்சாவில் இருந்த பெட்டிகளைப் பிரித்தேன். துணிகளைப் பத்தயத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள் மைனி.

ஐப்பசி 6

விடாத மழை. வைக்கோல் ஈரத்தில் பூத்துவிட்டது. பூஞ்சை பிடித்ததைப் போடக்கூடாது, முயல் படுக்கையையும் தின்னும். அடுப்பு மேட்டில் பரப்பி உலர்த்தினோம். அண்ணன் தேரூரில் யாரிடமோ கேட்டு, உலர்ந்த கட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு நனைந்து வந்தான்.

ஐப்பசி 11

கொச்சு தன் மார்பு ரோமத்தை வாயால் பிடுங்கி வைக்கோலோடு சேர்த்துச் சட்டிக்குள் கூடு கட்டுகிறது. துணையே இல்லாத பிராணி. கிட்டே போனால் உறுமுகிறது. டாக்டரிடம் ஃபோனில் கேட்டேன். பொய்ச்சினை, இரண்டு வாரத்துக்கு மேல் கொஞ்ச நாள் நீளும், தானாகச் சரியாகும். கூட்டைக் கலைக்கவேண்டாம்.

சட்டி கூடாகிவிட்டதால் மறுபடி வெளியே போகிறது. பக்கத்திலேயே இன்னொரு சட்டி வைத்தோம். சிலசமயம் அதில், சிலசமயம் மைனியின் கட்டிலடியில். மைனி புளிச்சக்கையை எடுத்துவைக்கிறாள்.

ராத்திரி வெகுநேரம் அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி 12

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

கார்த்திகை 4

கூடு கட்டுகிற வெறி அடங்கியது. பெரும்பாலும் சட்டியில்தான் போகிறது. மழையில் இடி விழுந்தால், வீட்டுக்கு ஆள் வந்தால், பழையபடி நாலு இடத்தில். அறுவைசிகிச்சை செய்யாமல் முழுக்க நிற்காது என்கிறார் டாக்டர். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கூண்டில் வைத்துக் காரில் கொண்டுபோக வேண்டும். முயல் வாந்தி எடுக்காது, ஆகவே வெறும் வயிற்றோடு கொண்டுபோகவும் கூடாது, வழியெல்லாம் புல் வேண்டும். பயத்தில் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் குடல் நின்றுவிடும், அது உயிருக்கே ஆபத்து. மயக்கத்திலிருந்து எழாமலும் போகலாம். செய்யாமல் விட்டால் வருகிற ஆண்டுகளில் கர்ப்பப்பையில் என்ன வளரும் என்று தெரியாது. எந்தப் பக்கம் யோசித்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

அண்ணன் கார் சொல்லிவிட்டான், வேண்டாம் என்றால் விட்டுவிடலாமாம்.

சாயங்காலம் மைனி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "ஆப்பரேசன் முடிஞ்சா எத்தன நாளு பாத்துக்கிடணும்?"

தையல் ஆற இரண்டு வாரம், இந்தச் சுபாவம் மாற ஒரு மாதத்துக்கு மேல் என்றேன்.

"அப்போ தை பொறந்திரும். அதுவரைக்கும் நீ இங்கதானே இருப்பே?"

புல் தீர்ந்திருக்கும் என்று சொல்லி எழுந்துபோனேன். தீரவில்லை.