எங்கள் வீட்டுப் பூசையின் பங்கு

கல்முனைக் கரையில் பூனையை நாங்கள் 'பூசை' என்றே அழைப்போம். பேராதனைக்கு வந்த புதிதில் என் வாயில் அச்சொல்லைக் கேட்டு நகைத்த நண்பர்கள், கம்பன் தன் அவையடக்கத்திற் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்ததாகக் கூறுவதும் ஒரு பூசையையே என்று விரிவுரையில் அறிந்தபின் அடங்கினர். ஆயினும் கம்பனின் பூசைக்காக நான் இரங்குவதுண்டு. வளர்ந்த பூனைகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை எளிதிற் செரிப்பதில்லை. பாற்கடலின் ஓரத்தை மட்டும் நக்கியிருந்தாலும் அதற்கு வயிற்றுக் கடுப்பே மிஞ்சியிருக்கும்.

எங்கள் வீட்டுப் பூசை பாலைத் தேடுவதில்லை, மீனையே தேடும். காலையில் பேத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு பாண்காரரின் முச்சக்கரவண்டி வரும். பூசை கண் திறவாது. சற்றுப் பின்னர் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் ஒலியெழுப்பியதும், உம்மம்மாவுக்கு முன்பே கடப்படியில் நிற்கும். அவர் மீன் அரிந்து முடியும்வரை முன்கால்களை ஒடுக்கிக்கொண்டு அருகே காத்திருக்குமேயன்றி, ஒரு துண்டையேனும் களவாடாது. தன் பங்கு தனக்கு வருமென்ற உறுதி அதற்கு.

அப்பங்கு இரண்டு கீரிமீன் அல்லது நாலு சூடை. உப்பின்றி அவித்து, ஆறவைத்துச் சிரட்டையில் இடுவார் உம்மம்மா. சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அவற்றிலுள்ள ஒரு நொதியம் உயிர்ச்சத்து பி1 ஐச் சிதைத்துப் பூனையை நோயாளியாக்கும் என்று நான் பின்னர் படித்தேன். உம்மம்மா அதைப் படித்தவரல்லர். பச்சையாய்ப் போட்டால் சத்தியெடுக்கும் என்பதே அவரறிந்த காரணம்.

பூசையோ சிரட்டையிலிட்டதைச் சிரட்டையில் உண்ணாது. தலையைக் கவ்வி வெளியே இழுத்துத் திண்ணையில் வைத்தே தின்னும். நாலு வாய் தின்றதும் எழுந்து போய்விடும். சிறிது நேரங்கழித்து மீண்டும் வரும். எலி போன்ற சிற்றிரையை நாளுக்குப் பலமுறை பிடித்துத் தின்ற இனத்தின் பழக்கம் அது. பெருநாளன்று வட்டிலப்பத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இனிப்பை உணரும் மரபணு பூனைகளிற் பழுதுற்றிருப்பதை விஞ்ஞானிகள் 2005இல் வெளியிட்டனர். அதனை அறியாத நாங்கள் எங்கள் பூசைக்கு நாகரிகம் போதாதென்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

இவ்வாறு சென்றுகொண்டிருந்த அதன் வாழ்வில் 2022ஆம் ஆண்டு வந்தது. நாடு முழுவதும் எரிபொருட் பஞ்சம். மண்ணெண்ணெயின்றி ஒருநாட் படகுகள் கரையிற் கிடந்தன. நாட்கணக்கில் மீன்காரரின் ஒலி கேட்கவில்லை. கேட்ட நாளிலோ விலை கேட்க அஞ்சினோம். நோன்பும் அவ்வேளையில், ஏப்ரல் தொடக்கத்தில், வந்தது. பகலில் அடுப்பெரியாத வீட்டில் பூசை மட்டும் தன் நேரத்துக்குக் குசினி வாசலில் வந்து அமர்ந்தது. உம்மம்மா நோன்புடனேயே விறகு மூட்டி அதற்கு மீன் அவித்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதனையே நான் என் கட்சிக்குச் சான்றாக எடுத்தேன்.

"நாம பூசையக் கட்டி வைக்கல்லியே, உம்மம்மா. ஊரில எலியா இல்ல? அது தேடித் தின்னட்டும்."

உம்மம்மா அடுப்பிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"கயித்தாலதான் கட்டணுமா, மனே? ஒன்பது வருசமா நேரத்துக்கு வெச்சுப் பழக்கினது நாமதானே. அதுவும் கட்டினதுதான்."

எனது சான்று எனக்கே எதிராகத் திரும்பியது. எனினும் நான் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. மீன் வாங்கும் பணத்தைப் பற்றி மேலும் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அன்றிரவு சஹருக்கு எழுந்தபோது மின்சாரமில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோருடைய பீங்கானிலும் ஒவ்வொரு மீன்துண்டு இருந்தது. உம்மம்மாவின் பீங்கானில் சோறும் பருப்பும் மட்டுமே இருந்தன. நண்பகலில் அவித்தது எவருடைய பங்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனை நாட்களாக அது நிகழ்ந்ததென்று நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவும் இருக்கவில்லை. அதற்குள் எனது துண்டிற் பாதியைத் தின்று முடித்திருந்தேன்.

மீதிப் பாதியை எடுத்துச் சென்று சிரட்டையில் வைத்தேன். பூசை முகர்ந்து பார்த்தது. மிளகாயின் நெடி பிடிக்காமல் பின்வாங்கியது. என் பெருந்தன்மை அதற்கு வேண்டியிருக்கவில்லை. உம்மம்மா ஒரு சொல்லும் பேசாது எழுந்து வந்து, அத்துண்டைத் தண்ணீரிற் கழுவி, முள்ளெடுத்து வைத்தார். பூசை தின்றது.

ஒன்றைப் பழக்கியவன் அப்பழக்கத்துக்குப் பொறுப்பாளியாகிறான் என்பதை அன்று உம்மம்மாவிடம் கற்றேன். மீன் மலிந்த காலத்தில் பூசைக்கு இட்டதைக் கொடை என்று எண்ணியிருந்தேன். மீன் அரிதான காலத்தில்தான் அது கடன் என்பது தெரிந்தது.

இப்போது விடுமுறைக்கு வீடு சென்றால், பூசை என் பையை ஒருமுறை முகர்ந்துவிட்டு உம்மம்மாவிடமே திரும்பிப் போகும். அதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு முதுமை வந்துவிட்டது. பற்கள் சில விழுந்துவிட்டன. உம்மம்மாவுக்கும் அப்படியே. நண்பகலில் அவர் அவித்த மீனை முள்ளெடுத்துப் பிசைகிறார். அதில் ஒரு பங்கைச் சிரட்டையிலும் மறு பங்கைத் தமது பீங்கானிலும் இடுகிறார். சென்ற விடுமுறையில் முள்ளெடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது.